பூல் கிட் வாங்கி நாமே வீட்டில் போடலாமா? (தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்)

2024 மார்ச் 10, ஞாயிறு. பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அக்கா, 12 அடி விட்டம், 30 இஞ்சு உயரத்தில் ஒரு ஃப்ரேம் பூல் கிட் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். இரும்புக் குழாய் ஃப்ரேம், லைனர் (தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் உறை), சின்ன ஃபில்டர் பம்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. ஒரு மணி நேரத்தில் நாமே மாட்டிவிடலாம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் மொட்டை மாடி சும்மாதான் கிடக்கிறது, அங்கேயே வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். பையனுக்கு ஏழு வயது, பாப்பாவுக்கு நாலு. லீவு விடுவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். நீங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

மார்ச் 10, இரவு

மாடி வேண்டாம் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

12 அடித் தொட்டியின் அடிப்பரப்பு சுமார் 10.5 சதுர மீட்டர். 62 செ.மீ. தண்ணீர் நிறுத்தினால் 6,500 லிட்டர், அதாவது ஆறரை டன். சதுர மீட்டருக்கு 620 கிலோ ஆகிறது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடப் பளுவுக்கான இந்தியத் தர விதி) கணக்கில் எடுக்கும் பளு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். நாலு மடங்குக்கு மேல் போகிறது. "எங்கள் மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் நிற்கிறதே" என்று அடுத்துக் கேட்பீர்கள். அது ஒரு டன். அதையும் கொத்தனார் சுவர் மேலோ பீம் மேலோ பார்த்துத்தான் ஏற்றியிருப்பார். நடு ஸ்லாபில் ஆறரை டன்னை இறக்குவது வேறு விஷயம். முதல் நாள் தாங்கியது என்பதால் அடுத்த மாதமும் தாங்கும் என்று இல்லை. கீழே பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

தரையில் இடம் இருக்கிறதா? அதை எழுதுங்கள்.

மார்ச் 12

வீட்டுக்குப் பின்னால் கேழ்வரகு அடித்த பழைய களம் இருக்கிறதாம். நல்ல இடம். வருஷக்கணக்கில் மிதித்து இறுகிய மண், சீக்கிரம் இறங்காது. ஆனால் களம் என்றால் மழைத் தண்ணீர் ஓட ஒரு பக்கம் வாட்டம் விட்டிருப்பார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும், தண்ணீர் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு மணி நேரக் கணக்கு பொய் இல்லை. பெட்டியைப் பிரித்து, லைனரின் வாய்ப்பட்டியில் மேல்குழாய்களைச் சொருகி, கால்களை மாட்டி நிறுத்த இரண்டு பேருக்கு அவ்வளவு நேரம்தான் ஆகும். தரையைச் சரி பண்ணுவதுதான் வேலையே. அதைப் பெட்டிமேல் போட மாட்டார்கள். இந்த வேலையில் பத்தில் ஒன்பது பங்கு தரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தை முடிவு செய்யும் முன் வீட்டில் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள். அந்த இடத்தில் முன்னால் கிணறு, எருக்குழி, கக்கூஸ் குழி ஏதாவது இருந்து தூர்த்தார்களா? நம் பக்கம் வற்றிப்போன கிணற்றைக் குப்பையும் மண்ணும் போட்டு மூடி அதன் மேலேயே வீடு கட்டியிருக்கிறார்கள். தூர்த்த மண் மேல் ஆறரை டன் வைக்கக் கூடாது. செப்டிக் டேங்க் மேல் வைக்கவே கூடாது. தென்னைக்கு அடியில் வேண்டாம், மட்டையும் காயும் விழும்.

மார்ச் 16, சனி

தரை வேலையை விவரமாகக் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் செய்ததை எழுதுகிறேன். எங்களுடையது மேலே அரையடி செம்மண், அதற்குக் கீழே மொரம்பு. உங்கள் களம் இதைவிடச் சுலபமாக இருக்கும்.

நடுவில் ஒரு முளை அடித்து, ஆறரை அடிக் கயிற்றைக் கட்டிச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். தொட்டிக்கு ஆறடிதான், அரையடி சுற்றிலும் கூடுதல். அதற்குள் இருக்கும் புல் முழுவதையும் செதுக்கி எடுக்க வேண்டும். இங்கே நான் விடாமல் சொல்வது கோரை. மேலே செதுக்கிவிட்டால் போதும் என்று ஆட்கள் சொல்வார்கள், விடாதீர்கள். அதன் கிழங்கு மண்ணுக்குள் இருந்தால் முளை ஊசிபோல நேராக மேலே வரும். தார்ப்பாயையும் குத்தும், லைனரையும் குத்தும். ஒரு சாண் ஆழம் கொத்திக் கிழங்கைப் பொறுக்கி எடுத்தோம். என் மாமியார் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் மட்டம். ரசமட்டத்தைப் பலகை மேல் வைத்துப் பார்த்தால் 12 அடிக்குப் போதாது. ட்யூப் லெவல்தான் சரி, அதாவது தண்ணீர் நிரப்பிய ட்யூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தை வைத்து மட்டம் பார்ப்பது. எங்கள் கொத்தனார் கொண்டுவந்தது பழைய ட்யூப். தண்ணீர் நிரப்பியதும் நடுவில் மொச்சைக்கொட்டை அளவு காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டது. அவர் ட்யூபைத் தூக்கிப் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டி, அந்தக் குமிழி வாய்க்கு வந்து உடையும்வரை ஒரு முளையிலும் கோடு போடவில்லை. குமிழி உள்ளே இருந்தால் இரண்டு பக்கமும் பொய் சொல்லும் என்றார். சுற்றிலும் எட்டு முளை அடித்துக் கோடு போட்ட பிறகு பார்த்தால், தெற்குப் பக்கம் நாலு விரல்கடை உயரம். வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

இதைக் கவனமாகக் கேளுங்கள்: மேட்டை வெட்ட வேண்டும், பள்ளத்தை நிரப்பக் கூடாது. நிரப்பிய மண்ணை எவ்வளவு திமிசு போட்டாலும் தண்ணீர்ப் பளு ஏறியதும் இறங்கும். இறங்கிய பக்கம் தண்ணீர் அதிகம் நிற்கும், அதிகம் நின்றால் இன்னும் இறங்கும். 60 செ.மீ. தண்ணீர் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 180 கிலோ பலத்தில் வெளியே தள்ளுகிறது. ஒரு பக்கம் 5 செ.மீ. பள்ளமாகி 65 ஆனால் அங்கே 211 கிலோ. தண்ணீர் கொஞ்சம்தான் கூடுகிறது, தள்ளும் பலம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. அந்தப் பக்கத்துக் கால் வெளியே சாயும், குழாய் வளையும். ஃப்ரேம் தொட்டி சாய்ந்தால் மொத்தத் தண்ணீரும் ஒரே வீச்சில் வரும். பக்கத்தில் நிற்கும் குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விடும். எல்லா முனையிலும் 2.5 செ.மீ.க்குள் மட்டம் வரும்வரை லைனரைப் பிரிக்கவே வேண்டாம்.

மார்ச் 17

மணல் எவ்வளவு என்று கேட்டவருக்கு: 13 அடி வட்டத்தில் இரண்டு இஞ்சு விரிக்க 22 கன அடி. கால் யூனிட் சொல்லிவிடுங்கள், 25 கன அடி வரும். பூச்சு வேலைக்கான பி-சாண்டாகக் கேளுங்கள். எம்-சாண்டில் கூரான சில்லு இருக்கும். பி-சாண்டையும் ஒருமுறை சலித்துவிடுங்கள். விரித்து, நனைத்து, திமிசு போட்டு, மட்டப்பலகையால் இழுத்து, மேலே தடித்த தார்ப்பாய். சுற்றிலும் செங்கல் ஒரு வரிசை அணை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழைக்கே மணல் ஓடிவிடும்.

கால்களுக்குக் கீழே கல் வைக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கல்லுக்குக் காசு கொடுத்து டைல்ஸ் வாங்குபவர்களைப் பார்க்கிறேன். பர்கூர் ரோட்டில் கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் வெட்டித் தள்ளிய துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. கேட்டால் கொஞ்சக் காசுக்குத் தருவார்கள். ஓரடிக்கு ஓரடித் துண்டு ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. கல்லின் மேல்முகம் தரையோடு சமமாக இருக்கும்படி பதிக்க வேண்டும், மேலே தூக்கி நிற்கக் கூடாது. ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள், லைனரில் பட்டால் கிழிக்கும்.

மார்ச் 24

களத்தை வெட்டியாயிற்றாம், படம் அனுப்பியிருந்தார். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் படத்தில் தொட்டிக்குப் பக்கத்திலேயே மோட்டார் கொட்டகை தெரிகிறது. அதனால் கரண்ட் பற்றி இன்றே எழுதுகிறேன்.

பம்புக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடாதீர்கள். ஈரத்தரையில் அதைக் கிடத்தும் வழக்கத்தால் வீட்டுக்கு வீடு ஆபத்து. தொட்டி விளிம்பிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு சாக்கெட், அந்த லைனுக்கென்று 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். எலக்ட்ரீஷியன் "எம்.சி.பி. இருக்கே அக்கா, போதும்" என்பார். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி.தான் வேண்டும். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும், டிரிப் ஆக வேண்டும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பம்பு ஓடக் கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது.

இன்னொன்று. கொட்டகையில் இருப்பது விவசாய சர்வீஸ் என்றால் அதிலிருந்து தொட்டிக்கு லைன் இழுக்காதீர்கள். அந்த இலவச மின்சாரம் பாசனத்துக்குத்தான். யாராவது எழுதிப் போட்டால் சர்வீஸுக்கே ஆபத்து. அது போகட்டும், அந்தச் சலுகை எதற்காகக் கிடைத்தது என்று நமக்கே தெரியுமே.

ஏப்ரல் 2

இவ்வளவு தொல்லையா, பேசாமல் கிணற்றிலேயே பழக்கலாமே என்று அரூரிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அவருக்குத்தான் நான் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எங்கள் தலைமுறை கிணற்றில்தான் பழகியது. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி மாமா தள்ளிவிடுவார், நாமும் கையைக் காலை அடித்து மேலே வருவோம். வீட்டுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு மாமா இருந்த காலம் அது. இப்போது எங்கள் ஊரில் பாதிக் கிணறு வற்றிப்போய் முள் அடைந்து கிடக்கிறது. மீதியில் படி இடிந்துவிட்டது. போர் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்கு நீச்சல் பழகத் தண்ணீர் இல்லை, ஆனால் மூழ்கத் தண்ணீர் இருக்கிறது: ஏரியில் ஜே.சி.பி. மண் அள்ளிய குழி, கைவிட்ட கல்குவாரி, தென்பெண்ணை மடு. லீவு விட்டதும் யாருக்கும் சொல்லாமல் நாலு பையன்கள் போவார்கள். மாலைச் செய்தியில் வரும். ஒவ்வொரு கோடையும் இது நடக்கிறது, ஒவ்வொரு கோடையும் எனக்கு வயிறு கலங்குகிறது.

நான் தொட்டி வைத்தது ஆடம்பரத்துக்கு இல்லை. இரண்டடித் தண்ணீரில் ஆழமான நீச்சல் வராது, சரி. ஆனால் முகத்தை முக்கி மூச்சை ஊதிவிடுவது, மல்லாந்து மிதப்பது, விளிம்பைப் பிடித்துக் கால் உதைப்பது, தவறி விழுந்தால் திரும்பி விளிம்பைப் பிடிப்பது, இதெல்லாம் வரும். உயிரைக் காப்பது இந்த முதல் பாடம்தான். அதற்கு மேல் மாவட்ட விளையாட்டு மைதானத்தின் நீச்சல்குளத்துக்கோ நல்ல பயிற்சியாளரிடமோ போகட்டும்.

ஏப்ரல் 3

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வீட்டுத் தொட்டியிலும் குழந்தை மூழ்கும். நாலு வயசுப் பாப்பாவுக்கு இரண்டடி என்பது மார்பளவு, வழுக்கி முகம் குப்புற விழுந்தால் அதுவே அதிகம். சினிமாவில் வருவதுபோல் கூச்சலிட்டுக் கையை ஆட்ட மாட்டார்கள், சத்தமே இருக்காது. வீட்டுக்குள்ளே சமையல் செய்துகொண்டே காது கொடுத்துக் கேட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது.

தொட்டியைச் சுற்றி நாலடி உயர வேலி, ஏறக் கால் வைக்க இடமில்லாத வேலி. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, கொக்கி மேலே. ஏணியைப் பயன்படுத்தி முடித்ததும் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், போனைக் கையில் எடுக்காமல். வேலிக்கு ஆகும் செலவைக் கிட் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். வேலிக்குப் பணம் இல்லையென்றால் இந்த வருஷம் கிட்டும் வேண்டாம்.

ஏப்ரல் 9

தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் ஹோஸ் மாட்டி நிரப்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

கூடாது. அந்தத் திட்டம் எதற்கு வந்தது? இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் காவிக் கறையும், முதுகு வளைந்து மூட்டு இறுகிப்போன பெரியவர்களும் இருந்த ஊர்கள் எத்தனை. ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பில் போட்டு 2013-ல் திறந்த திட்டம், பேரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் வரும் அந்தத் தண்ணீரில் 6,500 லிட்டரை நாம் இழுத்தால் தெருக்கடைசி வீட்டுக் குடம் காலியாக நிற்கும். போர்த் தண்ணீரில் நிரப்புங்கள், அதுவும் மெதுவாக. ஒரு இஞ்சுத் தண்ணீர்கூட வராத போரை ஒரே மூச்சில் ஓட்டினால் மோட்டார் போய்விடும்.

அடுத்த கேள்வியும் சரியான கேள்விதான்: அப்படியானால் ஃப்ளோரைடு தண்ணீரில் பிள்ளைகள் குளிக்கலாமா? குளிக்கலாம். ஃப்ளோரைடு கெடுப்பது குடிப்பதாலும் சமைப்பதாலும். தோல் வழியே உள்ளே போய்க் கெடுதல் செய்யும் அளவு இல்லை. குடிநீருக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 1.5. பிள்ளைகள் ஆடும்போது இரண்டு மடக்கு உள்ளே போகும், அதைத் துப்பப் பழக்குங்கள். இறங்கும் முன் நல்ல தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிடுங்கள், தாகத்தில் விழுங்க மாட்டார்கள். கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் ஃப்ளோரைடு போகாது.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று

பாலக்கோட்டில் தண்ணீர் விட்டாயிற்று! தம்பி சொன்னபடியே செய்திருக்கிறார்: லைனரை வெயிலில் விரித்து இளக்கி, மாட்டி, முதலில் ஒரு இஞ்சுத் தண்ணீர் மட்டும் விட்டு நிறுத்தி, உள்ளே வெறுங்காலோடு இறங்கிச் சுருக்கத்தையெல்லாம் வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டு, மட்டம் பார்த்து, அப்புறம்தான் மீதி. அந்த ஒரு இஞ்சு நிலையில்தான் எல்லாம் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர் சேர்ந்து மறுபக்கம் காய்ந்து நின்றால் அப்போதே கொட்டிவிட்டுத் தரையைத் திருத்தலாம். நிரம்பிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஏப்ரல் 20

குளோரின் பற்றிப் பலர் பல மாதிரி எழுதியிருக்கிறார்கள். மயில்துத்தம் போடச் சொன்னவருக்கு: பாசி சாகும், உண்மை. ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் கண்ணும் தோலும் எரியும், கிருமிக்குக் குளோரின் செய்யும் வேலையை அது செய்யாது, அந்தத் தண்ணீரைச் செடிக்கும் விட முடியாது. வேண்டாம்.

தண்ணீரில் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பி.எச். (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8 இருக்க வேண்டும். 6,500 லிட்டருக்கு 2 பி.பி.எம். என்றால் 13 கிராம் குளோரின். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 20 கிராம். பஞ்சாயத்தில் போடும் பிளீச்சிங் பவுடர் புதிதாக இருந்தால் 33 சதவீதம் இருக்கும், 40 கிராம் வேண்டும். வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள், சுண்ணாம்பு லைனரில் படியும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிந்ததும் மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். பொழுது சாய்ந்த பிறகு போட வேண்டும். உச்சி வெயிலில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி ஓடிவிடும்.

அளவு சரியா என்று பார்க்க, ஊர் டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கும் குளோரோஸ்கோப் போதும். சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், பக்கத்துக் கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெளியிலும் கிடைக்கிறது.

பெரிய எச்சரிக்கை: கடையில் குளோரின் மாத்திரை என்று தருவது பெரும்பாலும் டி.சி.சி.ஏ. (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்) என்ற வேறு வகை மருந்து. அதையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில்கூடச் சேர்க்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டோடும் சேர்க்கக் கூடாது, வரும் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

ஏப்ரல் 21

குளோரின் போட்டதும் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது என்று பென்னாகரத்திலிருந்து ஒருவர். போர்த் தண்ணீரில் இரும்பு இருந்திருக்கும். பம்பை ஓட்டிக்கொண்டே இருங்கள், ஃபில்டருக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் கழுவிக் கழுவிப் போடுங்கள், தெளிந்துவிடும். வெள்ளையாகக் கலங்கினால் அது சுண்ணாம்பு, பி.எச். ஏறியிருக்கும்.

மே 7

கத்திரி ஆரம்பித்துவிட்டது. தினமும் தண்ணீர் குறைகிறது, லைனரில் ஓட்டையா என்று தம்பி பதறுகிறார். கோடையில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியானாலே 63 லிட்டர், நாலைந்து குடம். ஓட்டையா இல்லையா என்று பார்க்க ஒரு வழி: ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குப் பக்கத்தில் அதே வெயிலில் வையுங்கள். இரண்டிலும் கோடு போடுங்கள். மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. தொட்டி மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் ஓட்டை. பிள்ளைகள் ஆடாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பும் ஃப்ளோரைடும் தொட்டியிலேயே நிற்கும். மேலே மேலே போர்த் தண்ணீரை விட்டுக்கொண்டே போனால் உப்பு ஏறும். இரவில் மூடி போட்டால் ஆவி குறையும், மாவிலையும் விழாது.

மே 8

மூடிமேல் அணில் ஏறி இடுக்கில் விழுந்துவிடுகிறது. விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் ஒரு பழைய தாம்புக்கயிற்றைத் தொங்கவிடுங்கள். பிடித்து ஏறிப் போய்விடும்.

மே 19

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் காட்டு ஓரத் தோட்டத்தில் வைக்கலாமா என்று கேட்கிறார். என் கொழுந்தனார் "முதலில் குளிக்க வருவது யானைதான்" என்று சிரித்தார். சிரித்தாலும் விஷயம் அதுதான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி காட்டோரத்தில் கோடையில் தண்ணீர் தேடி யானை வரும். வீட்டை ஒட்டித் திறந்த தண்ணீர் வைத்து அதை வரவழைப்பது அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. அங்கே வேண்டாம்.

ஜூலை 31

கர்நாடகத்தில் அணைகள் நிரம்பிக் காவிரியில் வெள்ளம், ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை, மேட்டூர் நேற்று 120 அடியைத் தொட்டுவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு அங்கே போக முடியாத சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கூட்டம் அதிகமானால் குளோரினைக் காலையிலும் பார்க்க வேண்டும், இறங்கும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கினால் ஃபில்டர் ஒரே நாளில் அடைத்துவிடும்.

ஆடிக் காற்றுக்கு ஒரு வார்த்தை: தொட்டியைக் காலியாக நிறுத்தாதீர்கள். தண்ணீர்ப் பளுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. காலித் தொட்டியைக் காற்று ஃப்ரேமோடு தூக்கிவிடும். ஒன்று தண்ணீர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரித்துவிட வேண்டும்.

டிசம்பர் 4

ஊத்தங்கரையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஃபெஞ்சல் புயல் மழை 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. கொட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வண்டிகளையே வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. அங்கே எங்கள் உறவுக்காரர் வீட்டில் 12 அடித் தொட்டி நின்றது. அந்த மழையில் தொட்டிக்குள் மட்டும் ஐயாயிரம் லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும். விளிம்பைத் தாண்டி வழிந்து, கீழே செங்கல் அணையை உடைத்து, மணலை அரித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பக்கத்துக் கால்கள் கல்லோடு இறங்கிவிட்டன. யாரும் பக்கத்தில் இல்லை. அதுவரை புண்ணியம்.

வருஷம் முழுவதும் தொட்டி நிற்கலாம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. புரட்டாசி கடைசிக்குள் பிரித்து எடுத்துவிட வேண்டும். குளிரில் யாரும் இறங்கப் போவதில்லை. குளோரின் போடாமல் ஒரு வாரம் நின்றால் கொசுப்புழு வேறு, டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

டிசம்பர் 5

எப்படிக் காலி செய்வது என்று கேட்கிறார்கள். குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியை எடுத்து, மூன்று நாலு நாள் வெயிலில் விட்டுவிடுங்கள். குளோரோஸ்கோப்பில் மஞ்சள் வராத நிலைக்கு வந்ததும் தென்னைக்கும் மாவுக்கும் பிரித்துப் பிரித்து விடலாம். ஒரே மரத்துக்கு மொத்தத்தையும் விடாதீர்கள், உப்பு ஏறிய தண்ணீர். நாற்றுக்கும் கீரைக்கும் வேண்டாம். குழாயை வாய்க்காலில் போட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் விடுபவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிரம் அடியிலிருந்து எடுத்த தண்ணீர் அது.

லைனரைக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவி மடியுங்கள். எலி கடிக்காத இடம் நம் வீடுகளில் கிடையாது, அதனால் இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வைத்துவிடுங்கள். குழாய்களில் உள்பக்கம் தண்ணீர் நிற்கும், சாய்த்து வடித்த பிறகுதான் அடுக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 23

பாலக்கோடு தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். பையன் இப்போது மல்லாந்து மிதக்கிறானாம், பாப்பா முகத்தை முக்கி ஊதுகிறாளாம். படித்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இந்த வருஷம் கால் கற்களைச் சிமெண்ட் வைத்து நிரந்தரமாகப் பதித்துவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. களத்து மண் மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும். சிமெண்ட் போட்டால் ஒவ்வொரு வருஷமும் உடைத்துத்தான் திருத்த வேண்டியிருக்கும். கல்லை மண்ணில் பதித்தால் போதும், ட்யூப் லெவலை மறுபடி பிடித்துப் பாருங்கள். மணலைக் கிளறி, கோரை முளைத்திருக்கிறதா பாருங்கள், எறும்புப் புற்றும் இருக்கும். பம்பு இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் கார்ட்ரிட்ஜையும் இப்போதே வாங்கி வையுங்கள், ஏப்ரலில் கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள்.